"எல்லாம் நானே செய்துக்குவேன்!"



முதியோர் பராமரிப்பு என்றதும் தாதிமை இல்லத்தில் இடம் கிடைக்குமா, கட்டணம் கட்டுப்படியாகுமா என்றுதான் பேச்சு ஓடுகிறது. அதற்கு முன்னால் தாண்டவேண்டிய வாசல் ஒன்று உண்டு. குளிப்பது, உடுத்துவது, உண்பது, கழிவறைக்குப் போவது, நடமாடுவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது ஆகிய ஆறு அன்றாடச் செயல்களில் மூன்றையாவது பிறர் துணையின்றிச் செய்ய முடியாதவரையே சிங்கப்பூரில் கடுமையான உடற்குறை உள்ளவர் என்று கணக்கில் எடுக்கிறார்கள்.

2002-ல் தொடங்கிய எல்டர்ஷீல்டு காப்புறுதிக்கு இதுதான் அளவுகோல். அது மாதம் 300 வெள்ளியை 60 மாதங்களுக்குத் தந்தது. 2007-ல் 400 வெள்ளி, 72 மாதங்கள் என்று உயர்ந்தது. 2020-ல் வந்த கேர்ஷீல்டு லைஃப் 600 வெள்ளியில் தொடங்கியது. உடற்குறை நீடிக்கும்வரை தருவதே அதன் பெரிய மாற்றம். வீட்டில் வைத்துப் பார்ப்போருக்கான மானியம் 2019-ல் 200 வெள்ளியாக இருந்து, 2023-ல் 400 வெள்ளி வரை ஏறியது. அதற்கும் இதே மூன்று செயல்கள்தான் கணக்கு.

சரி, மதிப்பீட்டாளர் வரும் நாளில் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? மருமகள் விடியற்காலையிலேயே மாமியாரைத் தூக்கி உட்காரவைத்து, குளிப்பாட்டி, நல்ல சேலை கட்டி, நெற்றியில் திருநீறும் இட்டுவிடுகிறார். "பாட்டி, நீங்களே குளிப்பீங்களா?" என்று கேட்டால், "ஓ, எல்லாம் நானே செய்துக்குவேன்!" என்கிறார் பாட்டி. எழுந்து காட்டச் சொன்னால், எங்கிருந்தோ ஒரு தெம்பு வந்து நின்றும் காட்டிவிடுவார். மகனும் தலையாட்டுகிறார். அம்மாவைச் சரியாகக் கவனிக்காத பிள்ளை என்று பெயர் வந்துவிடக் கூடாதே! முதுகுவலியோடு சமையலறை வாசலில் நிற்கும் மருமகளை யாரும் கேட்பதில்லை.

பாட்டி பொய் சொல்லவில்லை. முன்பின் தெரியாதவரிடம் கழிவறை விஷயத்தைச் சொல்ல அவருக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்துக்கு மதிப்புக் கொடுத்துத்தான் இதைக் கையாள வேண்டும். அன்றாடம் தூக்கிவிடுபவர் யாரோ, அவரே மதிப்பீட்டாளரிடம் தனியாகப் பேசட்டும். ஒரு வாரத்துக்கு எழுதி வையுங்கள்: இரவில் எத்தனை முறை எழுப்பினார், எங்கே தடுமாறினார், யார் ஊட்டினார்கள். வீட்டைவிட்டு வெளியே வர முடியாதவரை மதிப்பீட்டாளர் வீட்டுக்கே வந்து பார்க்க ஏற்பாடு உண்டு. ஆங்கிலம் தெரியாத முதியவர் என்றால், மொழிபெயர்க்க ஒருவர் பக்கத்தில் இருப்பது அவசியம். மறதிநோய் உள்ளவர்கள் பின்னாளில் கற்ற மொழியை இழந்து, சின்ன வயதுத் தமிழுக்கே திரும்பிவிடுவதும் உண்டு.

தாதிமை இல்லத்துக்குப் போக நேர்ந்தாலும் இதே நிலைதான். மருத்துவமனையின் மருத்துவ சமூக ஊழியரோ ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்போ வழிகாட்டுவார்கள். இல்லத்தைப் பார்க்கப் போகும்போது கட்டிலையும் குளிர்சாதன வசதியையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். இரவுப் பணியில் தமிழ் பேசுபவர் இருக்கிறாரா, சைவச் சாப்பாடு தனியாகச் சமைக்கிறார்களா என்று கேளுங்கள். வலிக்கிறது என்று பாட்டி தமிழில் முனகினால், அது யாருக்காவது புரிய வேண்டும்.

முதல் மதிப்பீட்டில் தகுதி கிடைக்காத குடும்பங்கள் அதோடு விட்டுவிடுகின்றன. உடல்நிலை மோசமானால் மறுபடியும் விண்ணப்பிக்கலாம். அப்போதாவது அந்த மருமகளைப் பேச விடுங்கள்.