எலும்பு வளரவும் இடம் வேண்டும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், குடியிருப்பில் வசிக்கும் இயன்முறை மருத்துவர் ஆற்றிய உரை)

மூட்டுவலி பற்றிப் பத்து நிமிடம் பேசும்படி செயலாளர் சார் கேட்டார். வலிக்குப் பல வருடம் முன்னால் எலும்பில் நடப்பதைப் பற்றிப் பேசுகிறேன். அடுத்த பொதுக்குழுவில் நாம் எடுக்கப்போகும் ஒரு முடிவுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு.

இங்கிருந்து சென்னைக்குப் போகும் வழியில், போரூரில் ஸ்ரீ ராமச்சந்திரா வளாகம் இருக்கிறது. அங்குள்ள விளையாட்டு அறிவியல் மையம், பந்துவீச்சைப் பரிசோதிக்க சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் அங்கீகரித்த இடம். 2015-ல் மேற்கிந்தியத் தீவுகளின் சுனில் நரைன், பாகிஸ்தானின் முகமது ஹஃபீஸ் இருவரும் அங்கே வந்து வீசிக் காட்டினார்கள். வீரரின் உடம்பில் ஒளியைத் திருப்பும் சின்ன உருண்டைகளை ஒட்டி, சுற்றிலும் அதிவேகக் கேமராக்களை வைத்துப் பதிவு செய்வார்கள். வீசும்போது முழங்கை நிமிர்வது 15 டிகிரியைத் தாண்டக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத அசைவைக்கூட இப்படி அளந்துவிடலாம்.

இந்த மாதிரி அளவீடுகள் காயத்தைப் புரிந்துகொள்ளவும் உதவுகின்றன. வேகப்பந்து வீச்சாளரின் முன்கால் தரையில் இறங்கும்போது அவர் எடையைப்போலப் பல மடங்கு விசை உடம்பில் ஏறுகிறது. அதே நொடியில் முதுகு வளைந்து திரும்புகிறது. 2019-ல் ஜஸ்பிரித் பும்ராவின் கீழ்முதுகில் நுண்முறிவு வந்தது. 2022-ல் முதுகுப் பிரச்சினை திரும்பவும் வந்தது. 2023 மார்ச்சில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, ஆகஸ்டில்தான் மைதானத்துக்குத் திரும்பினார்.

விழாமல், அடிபடாமல் எலும்பு எப்படி முறியும்? எலும்பு உயிருள்ள பொருள். பழைய எலும்பை அரித்தெடுக்கும் செல்கள் ஒரு பக்கம், புதியதைக் கட்டும் செல்கள் இன்னொரு பக்கம் என்று வேலை ஓயாமல் நடக்கிறது. பாரம் விழுந்தால் அந்த இடம் கெட்டிப்படும். கட்டி முடிக்க அவகாசம் தராமல் பாரத்தை ஏற்றினால் விரிசல் விடும். ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர்களை வைத்து 2014-ல் வெளியான ஓர் ஆய்வு இதைத்தான் காட்டியது. கடந்த நான்கு வாரச் சராசரியைவிட ஒரு வாரம் திடீரென்று மிக அதிகமாக வீசினால், அடுத்த வாரம் காயம் வரும் வாய்ப்பு கூடுகிறது.

இது பும்ராவுக்கு மட்டும் உள்ள சட்டம் இல்லை. பரீட்சைக்காக மூன்று மாதம் உட்கார்ந்தே இருந்த பையனை மே மாதம் தினமும் மூன்று மணி நேரக் கோச்சிங்குக்கு அனுப்புகிறோம். வருடம் முழுக்க நடக்காதவர் திடீரென்று திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் போகிறார். போகட்டும், நல்லதுதான். ஒரு மாதம் முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போகட்டும்.

பாரமே இல்லாவிட்டாலும் ஆபத்துதான். விண்வெளி வீரர்களின் இடுப்பு எலும்பு மாதத்துக்குச் சுமார் 1 முதல் 1.5 சதவீதம் அடர்த்தி இழக்கிறது. நாள் முழுக்கச் சைக்கிள் மிதிக்கும் தொழில்முறை வீரர்களில் பலருக்கு இதயம் அருமையாக இருக்கும், முதுகெலும்பின் அடர்த்தியோ குறைந்திருக்கும். உட்கார்ந்தே செய்வதால் உடம்பின் எடை கால் வழியாகத் தரையில் இறங்குவதில்லை. குழித்தறியில் உட்கார்ந்து மிதிக்கும் நம் ஊர் நெசவாளருக்கும் இதே கணக்குதான். உழைப்பு கடுமை, ஆனால் இடுப்பெலும்புக்கு வேண்டிய பாரம் அதில் இல்லை. தறி வீட்டில் பிறந்து இன்று கம்ப்யூட்டர் முன் உட்காரும் நமக்கு அந்த உழைப்பும் இல்லை.

இனி பிள்ளைகள். பெரியவரான பின் நம்மிடம் இருக்கும் எலும்புச் சத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு, வேகமாக வளரும் இரண்டே வருடங்களில் சேர்கிறது. பெண்களுக்கு 12, 13 வயது, பையன்களுக்கு 14 வயதையொட்டி. பின்லாந்தில் டென்னிஸ், ஸ்குவாஷ் வீராங்கனைகளை ஆராய்ந்து 1995-ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். ஆடும் கையின் எலும்பு மற்றக் கையைவிடக் கெட்டியாக இருந்தது. பூப்படைவதற்கு முன்போ அந்தச் சமயத்திலோ ஆடத் தொடங்கியவர்களிடம் இந்த வித்தியாசம், மிகவும் தாமதமாகத் தொடங்கியவர்களைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு. வயதுக்கு வந்ததும் பெண்பிள்ளையை "இனி கீழே போய் ஆடாதே" என்கிறோமே, எந்த வயதில் சொல்கிறோம் என்று யோசியுங்கள்.

அம்மாக்களும் பாட்டிகளும் மனம் தளர வேண்டாம். ஆஸ்திரேலியாவில் மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்களை வைத்து எட்டு மாதம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினர் வாரம் இரு முறை, அரை மணி நேரம், பயிற்சியாளர் கண்காணிப்பில் எடை தூக்கினார்கள். அவர்களின் கீழ்முதுகு எலும்பு அடர்த்தி சுமார் 3 சதவீதம் கூடியது. யூடியூப் பார்த்து நீங்களாக எடை தூக்காதீர்கள். பரிசோதித்து, ஆள் வைத்துக் கற்றுக்கொள்ளுங்கள். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவதும், சுவர் அருகில் ஒற்றைக் காலில் நின்று பழகுவதும் இன்றே தொடங்கலாம். கேழ்வரகு 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாள் தேவை 1000 மில்லிகிராம்.

கடைசியாக ஒன்று. பின்பக்கக் காலி இடத்தைக் கார் நிறுத்தமாக்கலாம் என்ற தீர்மானம் பொதுக்குழுவுக்கு வருகிறது. என்னிடமும் கார் இருக்கிறது, இடநெருக்கடி எனக்கும் தெரியும். ஆனால் நம் பிள்ளைகள் ஓடிக் குதிக்க வேறு இடம் இல்லை. தெருவில் விட முடியாது, மாடி பூட்டியிருக்கிறது. முழுவதையும் காருக்குக் கொடுக்காமல், மாலை 4 முதல் 7 வரை அங்கே வண்டி நிற்கக் கூடாது என்றாவது ஒரு திருத்தம் கொண்டு வருவோம். காரை அடுத்த தெருவில்கூட நிறுத்திக்கொள்ளலாம். 13 வயதில் சேராத எலும்பை 30 வயதில் அதே அளவு சேர்க்க முடியாது. ஓட்டுப் போடும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.