துணையாகும் ஒரு குரல்



1879ஆம் ஆண்டில் செருமனியின் லைப்சிக் நகரில் வில்லெம் வூண்ட் உளநூலுக்கென ஆய்வுகூடம் நிறுவியபோது, அங்கு ஆராயப்பட்டது பெரும்பாலும் தனிமனிதனின் புலனுணர்வே. பலர் நடுவே இருக்கும்போது அப்புலனுணர்வு என்னாகும் என வினவியவருள் ஒருவர் சொலமன் ஆஷ். 1907இல் வார்சோவிற் பிறந்து, இளமையிலே அமெரிக்கா சென்று, சுவாத்மோர் கல்லூரியிற் பேராசிரியராய் இருந்தவர்.

1950களில் அவர் வெளியிட்ட சோதனை மிக எளியது. ஏழெட்டு மாணவர் ஓர் அறையில் அமர்வர். ஓர் அட்டையில் ஒரு கோடு, மற்றதில் மூன்று. முதற்கோட்டுக்குச் சமமானது எதுவென ஒவ்வொருவராய் உரக்கச் சொல்லவேண்டும். சிறுபிள்ளையும் சொல்லிவிடும். ஆயின் அவருள் ஒருவரே உண்மையிற் சோதிக்கப்படுபவர். ஏனையோர் முன்னேற்பாட்டின்படி நடிப்பவர். 18 முறையுள் 12 முறை அவர்கள் ஒரே பிழையை ஒருவர்பின் ஒருவராய்க் கூறுவர்.

இவ்வாறு சோதிக்கப்பட்ட 123 பேரின் விடைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 37 அப்பிழையைத் தழுவின. தம் கண்ணிலேயே குறை எனச் சிலர் நினைத்தனர். ஆய்வைக் கெடுத்துவிடலாகாது எனச் சிலர் இணங்கினர். முதல் வாங்கைப் பார்த்தபின் கையுயர்த்தும் மாணவரை நாடோறும் காணும் ஆசிரியருக்கு இது வியப்பன்று. எனினும், பாடநூல்கள் பல இந்த 37உடன் நின்றுவிடுவது நீதியாகாது. எஞ்சிய 63 விடைகள் சரியானவை அல்லவா? நால்வருள் ஒருவர் ஒருமுறையேனும் வளைந்துகொடுக்கவில்லை.

என் மனத்தைக் கவர்ந்தது அடுத்த பகுதி. நடிப்பவருள் ஒருவரை மட்டும் உண்மை சொல்லச் செய்தார் ஆஷ். பிழைகள் காற்பங்காகக் குறைந்தன. அத்துணைவர் நடுவிலே பெரும்பான்மையோடு சேர்ந்துகொண்டதும் பிழைகள் சடுதியாய்ப் பெருகின. ஆனால் ஓர் அலுவலைச் சொல்லி அவர் அறையைவிட்டுச் சென்றபோதோ, நிலை அவ்வளவு கெடவில்லை. ஆள் போனபின்னும் அவர் தந்த துணிவு ஓரளவு தங்கிநின்றது.

ஆஷிடம் உதவியாளராயிருந்த ஸ்டான்லி மில்கிறாம், 1961இல் யேல் பல்கலைக்கழகத்தில், வேறொருவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்குமாறு கட்டளையிட்டு மனிதரின் கீழ்ப்படிவைச் சோதிக்கத் தொடங்கினார். அதிர்ச்சி பொய், கொடுப்பவர் அதை அறியார். தனியே கட்டளை பெற்ற 40 பேரில் 26 பேர் இறுதி அளவுவரை சென்றனர். அருகிலிருந்த இருவர் "இனிச் செய்யமாட்டோம்" என்று எழுந்துவிட்டபோது, அவ்வாறு சென்றவர் 40 பேரில் 4 பேரே.