மாற்றும் கருவிக்குத் தமிழ் இலக்கணம் தெரிய வேண்டும்

(கோவை, சரவணம்பட்டியில் தமிழன்பர்களிடையே நிகழ்த்தப்பெற்ற உரை)



கோவையிலிருந்து சத்தியமங்கலம் செல்லும் பெருஞ்சாலையில் அமைந்த ஊர் சரவணம்பட்டி. 2011-இல் கோவை மாநகராட்சியோடு இணைக்கப்பெறும்வரை பேரூராட்சியாக இருந்த இவ்வூர், இன்று மென்பொருள் நிறுவனங்களால் நாடறிந்த ஊராகிவிட்டது. இங்குள்ள இளைஞர்களின் விரல்கள் கடல் கடந்த நாடுகளின் கணக்கையும் வழக்கையும் நடத்துகின்றன. அவ்விரல்கள் தாய்மொழிக்கென ஆற்ற வேண்டிய பணியொன்று உண்டு. அதனை எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

கொங்குநாட்டு முதியோர் வள்ளத்தை அறிவர். தவசத்தை வள்ளத்தால் அளந்த காலம் போயிற்று. படியால் அளந்த காலமும் போயிற்று. இன்று எல்லாம் எடைக்கு வந்துவிட்டன. அளவை மாறலாம், களத்து மணி ஒன்றும் குறையலாகாது என்பதே உழவர் நெறி. எழுத்துக்கும் அதுவே நெறி. ஒரு கோப்பு ஓர் அமைப்பிலிருந்து வேறோர் அமைப்பிற்குப் பெயரும்போது, உள்ளிருக்கும் எழுத்து ஒன்றேனும் சிந்தலாகாது. ஆனால் சிந்துகிறது. சிந்துவது கண்ணுக்குத் தெரியாமலே சிந்துகிறது. அதுதான் இடர்.

தமிழ் கணினிக்குள் நுழைந்த முதற்காலத்தில் தமிழுக்கெனத் தனி இடம் அதில் இல்லை. ஆகவே ஆங்கில எழுத்துகளின் இருக்கைகளில் தமிழ் எழுத்துருப்புகளை அமர்த்தி எழுத்துருக்கள் செய்தனர். ஈழத்தமிழரிடையே பெரிதும் வழங்கிய 'பாமினி' எழுத்துருவை எடுத்துக்கொள்க. அதில் 'அம்மா' என்று தட்டினால் திரையில் அம்மா தெரியும். கணினியின் உள்ளத்திலோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகளே இருக்கும். மகர மெய்யின் புள்ளி அங்கு ஆங்கில அரைப்புள்ளியாக ஒளிந்திருக்கிறது. எழுத்துரு உடனிருக்கும்வரை அது தமிழ். எழுத்துரு நீங்கினால் பொருளற்ற குப்பை.

இத்தகைய எழுத்துருக்கள் பற்பல எழுந்தன. ஒன்றில் எழுதியது மற்றொன்றில் தெரியவில்லை. இந்நிலையை நீக்கவே 1999 பிப்பிரவரியில் சென்னையில் 'தமிழ்நெட் 99' மாநாடு கூடிற்று. 'தமிழ் 99' விசைப்பலகையும், தமிழ் மட்டும் அமைந்த குறியேற்றம் ஒன்றும், தமிழும் ஆங்கிலமும் அமைந்த குறியேற்றம் ஒன்றும் அதன் பயனாகத் தரமாக்கப்பெற்றன. அயலகத் தமிழரிடையே 'திசுக்கி' என்னும் குறியேற்றம் வழங்கிற்று. பின்னர் உலக மொழிகள் அனைத்திற்கும் பொதுவான ஒருங்குறி நிலைபெற்றது. 2010 சூன் 23 முதல் 27 வரை இதே கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடும் அதனோடு இணைந்து தமிழ் இணைய மாநாடும் நடைபெற்றன. அத்திங்களில்தான் தமிழ்நாட்டரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்று, ஒருங்குறி இயங்காத இடங்களுக்கு அனைத்தெழுத்துக் குறியேற்றத்தை மாற்றாக அறிவித்தது.

இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை ஒரே சொல்லால் அறியலாம். 'தமிழ்' என்பது மூன்று எழுத்து. அனைத்தெழுத்துக் குறியேற்றத்தில் அது மூன்று குறி. ஒருங்குறியிலோ தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என ஐந்து குறி. அகர மேறிய உயிர்மெய்யை முதலாகக் கொண்டு, புள்ளியை அதற்குப் பின்னிணைப்பாக வைத்த முறை இது. மெய்யே முதல், உயிர் ஏறினால் உயிர்மெய் என்னும் தமிழ் முறைக்கு இது நேர்மாறு. ஒருங்குறியின் குறியெண் வரிசையும் தமிழ் நெடுங்கணக்கு அன்று. அதில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் அமர்ந்துள்ளன. வேறொரு நெறிமுறையைத் துணைக்கொண்டாலன்றி, சொல்லடைவு தமிழ் அகரவரிசையில் அமையாது. ஆயினும் உலகம் ஒருங்குறியில் இயங்குகிறது. அதனைப் பழித்துக்கொண்டு ஒதுங்கி நிற்பதால் பயனில்லை. அதற்குள் தமிழைச் செம்மையாக நிறுத்துவதே கடன்.

1998 பொங்கல் நாளில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டத்தைக் காண்க. பழந்தமிழ் நூல்களை மின்னேடாக்கிய அப்பணி முதலில் 'இணைமதி', 'மயிலை' எழுத்துருக்களிலும், பின்னர் திசுக்கியிலும், அதன் பின்னர் ஒருங்குறியிலும் நடந்தது. ஒரே நூல் சில ஆண்டுகளுக்குள் இருமுறை வீடு மாறியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதனைச் சுமந்து சென்றது ஒரு மாற்றி. அம்மாற்றிக்குத் தமிழ் தெரியுமா என்பதே கேள்வி.

ஆவணங்களை மாற்றும் கருவிகளுள் 'பாண்டாக்' என்பது உலகெங்கும் வழங்குவது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் கற்பிக்கும் சான் மெக்பார்லேன் என்பார் அதனை 2006-இல் வெளியிட்டார். எவரும் விலையின்றிப் பெறலாம், உள்ளமைப்பையும் பார்க்கலாம். ஒவ்வொரு புதிய பதிப்போடும் புதிய வசதிகள் எவை, பழைய நடப்பில் மாறியவை எவை என்னும் பட்டியலையும் அக்கருவி வெளியிடுகிறது. எடுத்துக்காட்டாக, நேரான மேற்கோட் குறியை வளைந்த குறியாக்கும் வேலை முன்னர் ஒரு தனிக் கட்டளையாக இருந்தது. 2017-இல் வந்த 2.0 பதிப்பில் அக்கட்டளை நீக்கப்பெற்றது. அக்கருவியின் இயல்பான எழுதுமுறையில் அவ்வேலை தானே நடக்குமாறும், வேண்டாதார் நிறுத்திக்கொள்ளுமாறும் அமைக்கப்பெற்றது. கேளாமலே ஒன்றைச் செய்யத் தொடங்கும் கருவி, 'இனி இதைக் கேளாமலே செய்வேன்' என்று சொல்லிவிட்டேனும் செய்கிறது. அந்த நேர்மை போற்றத்தக்கது.

ஆனால் அக்கருவி ஒருங்குறியை மட்டுமே அறியும். பாமினியில் தட்டிய கோப்பை அப்படியே அதனிடம் கொடுத்தால், எழுத்துருவின் பெயரை உதறிவிட்டு ஆங்கிலக் குறிகளை மட்டும் கொண்டுவரும். நிறுத்தக்குறிகளைத் திருத்தும் கருவி எதுவாயினும், அதற்கு அரைப்புள்ளி அரைப்புள்ளியே. அது தமிழ் மெய்யின் புள்ளி என்பது தெரியாது. ஆதலின் முதலில் எழுத்தை மாற்றுக. பின்னரே அமைப்பை மாற்றுக. இவ்வரிசை பிறழ்ந்தால் மெய்யெல்லாம் புள்ளியிழந்து நிற்கும்.

எழுத்தை மாற்றும் இடத்தில்தான் இலக்கணம் தேவைப்படுகிறது. பழைய தட்டச்சு முறையில் ஔகாரத்திற்கெனத் தனி விசை இன்மையால், ஒகரத்தைத் தட்டி அருகில் ளகரத்தைத் தட்டினர். வௌவால் என்பதற்கும் ஒற்றைக்கொம்பு, வகரம், ளகரம் என்றே தட்டினர். தாளில் அச்சானபோது தீங்கில்லை. கண் அதனை ஔகாரமாகவே கண்டது. அறிவற்ற மாற்றியோ அதனை ஒகரமும் ளகரமுமாகவே மாற்றி வைக்கிறது. விளைவு என்ன? கோப்பில் ஔவையார் இருக்கிறார். ஔவை என்று தேடினால் அகப்படுவதில்லை. பெரும்பாட்டியின் பெயரே தம் மக்களின் ஏட்டில் காணாமற் போகிறது!

இதற்குத் தீர்வு அயல்நாட்டில் இல்லை. தமிழ் இலக்கணத்தில் இருக்கிறது. ஔகாரம் சொல்லின் முதலெழுத்திலன்றி இடையில் வாராது. ஓரெழுத்துச் சொல்லாய் இறுதியில் நிற்குங்கால் ககர வகரங்களோடு மட்டுமே வரும் என்பது தொல்காப்பியர் வரையறை. எனவே, சொல்லின் முதலில் ஒகரமோ எகரமேறிய மெய்யோ நின்று, அதனை அடுத்துப் புள்ளியோ வேறு குறியோ இல்லாத வெற்று ளகரம் வருமாயின், அது பெரும்பாலும் ஔகாரமே. ஔவியம், கௌவை, தௌவை, நௌவி, பௌவம், வௌவால் என்பன எல்லாம் இந்நெறியால் மீளும். வெள்ளம் என்பதில் முதல் ளகரம் புள்ளி பெற்றது; வெளி என்பதில் இகரம் ஏறியது; ஆகவே அவை தீண்டப்படா. ஐயுற்ற இடத்தை மாற்றி தானே முடிவு செய்யாது, குறியிட்டு மாந்தர் பார்வைக்கு விட வேண்டும். ஈராயிரம் ஆண்டு மூத்த நூல் இன்றைய மென்பொருளுக்கு நெறி வகுக்கிறது! இதனை அறிந்து எழுதத் தக்கவர் தமிழிளைஞரேயல்லால் வேறு யாவர்?

இனிக் 'கொ' என்னும் எழுத்தைக் காண்க. பழைய எழுத்துருக்களில் கொம்பு முன்னும், ககரம் நடுவும், கால் பின்னுமாக மூன்று உருப்பு. ஒருங்குறியில் ககரம் முதலில், ஒகரக் குறி பின்னர். அவ்வொகரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம். கொம்பும் காலுமாகிய இரு குறியாகவும் வைக்கலாம். இரண்டும் ஒன்றே என்கிறது ஒருங்குறித் தரம். ஆனால் எளிய தேடற்கருவிகள் அதனை அறியா. ஒரே ஏட்டின் ஓரிதழ் ஒருவகையிலும் மற்றோரிதழ் வேறுவகையிலும் மாற்றப்பெற்றால், 'கொங்கு' என்று தேடுவோர்க்குப் பாதியே கிடைக்கும். நல்ல மாற்றி எல்லாவற்றையும் ஒரே வகைக்குக் கொணரும். தமிழெண் ஏழையும் எகரத்தையும், எண் ஒன்றையும் ககரத்தையும் உருவொப்புமை கண்டு மயங்காமல் பிரித்தறியும்.

கிரந்த எழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2005-இல் வந்த ஒருங்குறி 4.1 பதிப்பில் 'ஶ' என்னும் எழுத்துத் தமிழ்ப் பகுதியில் சேர்க்கப்பெற்றது. அதுவரை 'ஸ்ரீ' என்னும் உரு ஒரு வகையில் எழுதப்பெற்றது. அதன்பின் வேறு வகையிலும் எழுதப்பெறுகிறது. திரையில் உரு ஒன்று. உள்ளே குறி இரண்டு. 2010-இல் மேலும் பல கிரந்த எழுத்துகளைத் தமிழ்ப் பகுதியில் நுழைக்கும் முன்மொழிவு எழுந்தபோது, தமிழறிஞரும் தமிழ்நாட்டரசும் எதிர்த்து நின்றனர். 2014-இல் வந்த 7.0 பதிப்பில் கிரந்தத்திற்குத் தனிப்பகுதி ஒதுக்கப்பெற்றது. விழித்திருந்தமையால் தமிழ் காக்கப்பெற்றது.

ஆயினும் ஒன்றைத் தமிழன்பர்கள் தெளிந்துகொள்ள வேண்டும். பழைய ஏட்டைப் புதிய குறியேற்றத்திற்கு மாற்றுங்கால், கிரந்தத்தை எல்லாம் தமிழாக்கிவிடும் வசதியையும் மாற்றியில் சேர்த்தால் என்ன என்று கேட்பார் உளர். அது தகாது. தூய தமிழில் எழுதுக, எழுதுமாறு பிறரைத் தூண்டுக, அது கடமை. ஆனால் ஐம்பதாண்டின் முன் ஒருவர் எழுதியதை அவர் அறியாமல் திருத்துவது வரலாற்றைப் பொய்யாக்குவதாகும். பிறமொழிக் கலப்பு எவ்வளவு இருந்தது, தனித்தமிழ் இயக்கம் எவ்வளவு மாற்றிற்று என்பதற்குச் சான்றே அவ்வேடுகள்தாம். கருவி தூய்மை செய்யத் தொடங்கினால், இயக்கத்தின் வெற்றிக்குரிய சான்றையே அது அழித்துவிடும். மாற்றியின் வேலை மாற்றுவது. திருத்துவது பதிப்பாசிரியர் வேலை. அதனையும் அவர் தம் பெயரிட்டுச் செய்ய வேண்டும்.

அச்சுத்தாளின் படத்தை எழுத்தாக்கும் கருவிகளிலும் இதே விழிப்புத் தேவை. 'டெசராக்ட்' என்னும் கருவி 2018-இல் வந்த 4.0 பதிப்பில் தன் முறையையே மாற்றிற்று. முன்னர் எழுத்தின் வடிவைத் தனித்தனியே ஒப்பிட்டது. இப்போது வரி முழுதையும் தொடராகக் கற்றுப் படிக்கிறது. நன்மை பெரிது. ஆனால் இத்தகைய முறையில் பிழை நேருங்கால் அது நல்ல சொல்லைப் போலவே தோன்றக் கூடும். அதிலும், 1978-இல் தமிழ்நாட்டரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும் முன் அச்சான ஏடுகளில் ணை, லை, ளை, னை என்பனவும் ணா, றா, னா என்பனவும் பழைய வடிவில் இருக்கும். புதிய வடிவை மட்டும் கற்ற கருவி அவ்விடங்களில் தடுமாறும். அப்பக்கங்களை மாந்தர் கண்ணே மெய்ப்புப் பார்க்க வேண்டும்.

1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பெற்றது. அந்நெருப்பை உலகம் கண்டது. கோப்புக்குள் நிகழும் அழிவுக்கோ புகையும் இல்லை, ஓசையும் இல்லை.

ஆகவே, பழைய தமிழ்க் கோப்பு வைத்திருப்போர் செய்ய வேண்டியன இவை. மாற்றுவதற்கு முன் முதற்படியை அதன் எழுத்துருவோடு சேர்த்துத் தனியே காக்க. எந்தக் கருவியின் எந்தப் பதிப்பால், எந்நாளில் மாற்றப்பெற்றது என்பதை எழுதி வைக்க. ஔவை, வௌவால், கொங்கு, கோவை, வெள்ளம், வெளி, ஏழு எனச் சில சொற்கள் கொண்ட உரைகல் பக்கம் ஒன்றை அமைத்து, கருவியின் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் முதலில் அதனை மாற்றிப் பார்க்க. பிழை கண்டால் கருவி செய்தார்க்குத் தமிழிலக்கண நெறியைக் காட்டி எழுதுக. கருவி தமிழரே செய்ததாயின், பாண்டாக் போன்று, மாறியவை அனைத்தையும் வெளிப்படையாகச் சொல்லுமாறு கேட்க.

சரவணம்பட்டியின் இளைஞர்களே! அயலார்க்கு எழுதும் நிரல்களின் இடையே, திங்களுக்கு ஒரு மாலையைத் தமிழுக்குத் தருக. வீட்டுப் பேழையில் தூங்கும் பழைய வட்டு ஒன்றை எடுத்து, அதிலுள்ள ஒரு பக்கத்தை மாற்றி, முதற்படியோடு எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்க்க. அவ்வொரு பக்கத்தில் தெரியும், எத்துணை மணி சிந்தியிருக்கிறது என்பது. அதன்பின் எவரும் தூண்ட வேண்டியதில்லை.

வாழ்க தமிழ்!