நனைந்த பிறகும் தாங்குமா?



வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள் கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் குறுக்கிடும் இடம் ஒரகடம். கார், லாரி, பைக் என்று எல்லாம் உருவாகிற ஊர். இரும்புத் தகட்டுச் சுருள் ஏற்றிய டிரெய்லர் ஒன்று அங்கே பிரேக் பிடித்து நிற்பதைப் பாருங்கள். அச்சின் மேல் எடை இரட்டித்தால், சாலைக்கு வரும் சேதம் ஏறத்தாழ 16 மடங்கு. இந்தப் பக்கத்துச் சாலை சும்மா தேய்வதில்லை.

தேய்ந்த சாலையைப் புதுப்பிக்கும்போது, பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச்சாலை போட வேண்டும் என்று 2021-இல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அறிவுறுத்தினார். தெரு உயர உயர வாசல் பள்ளமாகி, மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வந்து அவதிப்பட்டவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் சுரண்டிய தார் ஜல்லியை என்ன செய்வது? குவாரியில் வெடிவைத்து எடுத்த கல் அது. பள்ளம் தூர்க்கக் கொட்டிவிட்டால் மனம் பொறுக்காது.

அதை மறுபடி சாலைக்கே கொடுக்க ஒரு வழி, குளிர்முறை மறுசுழற்சி. ஜல்லியைச் சூடாக்கவே வேண்டாம். தாரை மட்டும் 160 முதல் 180 டிகிரி வரை காய்ச்சி, அதற்குள் 2, 3 சதவீதம் தண்ணீரைப் பீய்ச்சினால், பால் பொங்குவதுபோல் பத்து மடங்குக்கு நுரைத்து எழும். சில நொடிகளில் அடங்கிவிடும்; அதற்குள் ஈர ஜல்லியோடு கலந்துவிட வேண்டும். 1956-இல் அமெரிக்காவின் அயோவாவில் பேராசிரியர் சான்யி நீராவியை வைத்துத் தொடங்கிய யோசனை இது. கூடவே ஒரு சதவீதம் அளவுக்குச் சிமென்ட். கலவையில் ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள்: கொழுக்கட்டைபோல் பிடி நிற்க வேண்டும், உள்ளங்கையில் கரும்புள்ளிகள் ஒட்ட வேண்டும்.

வலிமையை எப்படி அறிவது? உருளையாக வார்த்த மாதிரியைப் பக்கவாட்டில் அழுத்திப் பிளக்கிறார்கள். இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல்படி, காய்ந்த நிலையில் குறைந்தது 225 கிலோபாஸ்கல் தாங்க வேண்டும்; தண்ணீரில் ஊறிய பிறகு 100. நமக்கு முக்கியம் இந்த இரண்டாவது எண்தான். ஏரிகள் சூழ்ந்த இந்தப் பகுதியில், வடகிழக்குப் பருவமழை வந்தால் சாலையோரம் நாள்கணக்கில் தண்ணீர் நிற்கும். ஒப்பந்தக்காரரிடம் காய்ந்த கணக்கை மட்டும் கேட்டு வாங்கினால் பாதிக் கணக்குதான் கிடைக்கும்.

இன்னொன்று. போட்ட அன்றே இந்த அடுக்கு இறுகிவிடாது. ஈரம் வெளியேற வெளியேறத்தான், வாரக்கணக்கில், பலம் ஏறும். ஆகவே இதை அடித்தளமாகப் போட்டு, ஈரம் வடிந்த பின் மேலே வழக்கமான சூட்டுத் தார் அடுக்கைப் போர்த்த வேண்டும். ஓரத்தில் வடிகாலும் திறந்திருக்க வேண்டும். தை பிறந்ததும் வேலையை ஆரம்பித்தால், ஐப்பசி அடைமழை வருமுன் அதற்கு ஒரு முழுக் கோடை கிடைக்கும்.