மலைச்சரிவில் வாழ்வோர் கவனத்துக்கு



திருவனந்தபுரம் மாவட்டத்தில் அம்பூரி என்று ஒரு மலை ஊர் இருக்கிறது. 2001 நவம்பர் 9 அன்று அங்கே பலத்த மழை. இரவில் மலைச்சரிவு உடைந்தது. மண்ணும் பாறையும் நீரும் வீடுகள்மேல் பாய்ந்தன. 35 பேருக்கு மேல் இறந்தார்கள்.

இதைக் கேரளத்தில் 'உருள்பொட்டல்' என்பார்கள். இமயமலையில் பனி சரிகிறது. இங்கே மண் சரிகிறது. இரண்டிலும் நடப்பது ஒன்றுதான். மேலே உள்ள பாரத்தை அடியில் உள்ள பிடிப்பு தாங்குவதில்லை.

மலையில் மேலே மண். அடியில் கடும் பாறை. மழைநீர் மண்ணுக்குள் இறங்குகிறது. மண் கனக்கிறது. பாறைக்குள் நீர் எளிதில் இறங்காது. மண்ணுக்கும் பாறைக்கும் நடுவே தேங்குகிறது. பிடிப்பு விடுகிறது. மண் வழுக்கி இறங்குகிறது. ஓடை வழியை அடைத்தாலும் ஆபத்து கூடும். சரிவின் அடியை வெட்டினாலும் கூடும்.

இதை முன்பே அறிய முடியுமா? நாள், நேரம் சொல்ல முடியாது. ஆனால் அறிகுறிகள் உண்டு.

• தரையிலும் சுவரிலும் புதிய விரிசல்
• மரமும் மின்கம்பமும் சாய்வது
• புதிய இடத்தில் ஊற்று கிளம்புவது
• ஓடை நீர் திடீரென்று கலங்குவது
• மலையில் உறுமல் சத்தம்

மழையையும் அளக்கலாம். வாயும் அடியும் ஒரே அகலமுள்ள பாத்திரத்தைத் திறந்த வெளியில் வையுங்கள். தினமும் காலையில் அளவுகோலால் நீரின் உயரத்தைப் பாருங்கள். நோட்டில் எழுதுங்கள். பிறகு நீரைக் கொட்டிவிட்டு மீண்டும் வையுங்கள். எண் எழுதத் தெரிந்த எவரும் இதைச் செய்யலாம். ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தால் அது மிக மிகக் கனத்த மழை. வயநாட்டில் 2024 ஜூலை இறுதியில் 48 மணி நேரத்தில் 57 சென்டிமீட்டர் பெய்தது. ஜூலை 30 அதிகாலையில் முண்டக்கையும் சூரல்மலையும் அழிந்தன.

இடுக்கி மாவட்டம் பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு 70 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர்.

கவனித்தீர்களா? மூன்றும் இருட்டில் நடந்தவை. இருட்டில் விரிசல் தெரியாது. ஓடை கலங்கியதும் தெரியாது. ஆகவே முடிவைப் பகலிலேயே எடுங்கள். ரேஷன் அட்டை, மருந்து, டார்ச் விளக்கு ஆகியவற்றை ஒரு பையில் வையுங்கள். பொழுது சாயும் முன் முகாமுக்குப் போங்கள். கேரளத்தில் உதவிக்கு 1077 என்ற எண்ணை அழையுங்கள். அடுத்த வீட்டாருக்கும் சொல்லுங்கள்.

"போன முறை போனோம், ஒன்றும் நடக்கவில்லையே" என்று சிலர் சொல்வார்கள். அப்படியானால் நட்டம் ஓர் இரவுத் தூக்கம் மட்டுமே. போகாமல் இருந்து மலை சரிந்தால், இழப்பு ஒரு குடும்பம்.