பிரித்துப் பார்க்கும் பிள்ளைகள்
(பெற்றோர் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



பழைய ரூட்டர், பிரிண்டர், கம்ப்யூட்டர் என்று எது கிடைத்தாலும் கழற்றிப் போட்டு உட்காரும் பிள்ளைகள் சிலர் நம் மஹல்லாவில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நம் நூலகத்தில் ஒரு மேஜை கொடுக்கலாமா என்று கல்விக் குழுவில் பேச்சு வந்தது. "அடுத்தவன் செய்த பொருளின் ரகசியத்தைத் தோண்டுவது திருட்டு ஆகாதா? ஹராம் ஆகாதா?" என்று சில பெற்றோர் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பதில் சொல்லாமல் மேஜை போட நமக்கும் மனம் வரவில்லை.

நடந்த விஷயம் ஒன்றைச் சொல்கிறோம். 1991 கடைசி. ஆஸ்திரேலியாவில் கான்பெரா நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் என்ற ஆராய்ச்சி மாணவர். பாத்வொர்க்ஸ் என்ற மென்பொருள் இருந்தால், தம் பி.சி.யிலிருந்தே அதைத் தயாரித்த கம்பெனியின் சர்வரில் உள்ள ஃபைல்களைத் திறக்கலாம். மற்ற யூனிக்ஸ் கம்ப்யூட்டரில் உள்ளதையும் அப்படித் திறக்க அவருக்கு ஆசை. இரண்டு பக்கமும் என்ன பாஷையில் பேசுகின்றன என்று சொல்லும் ஏடு எதுவும் அவர் கையில் இல்லை.

அவர் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. கேபிளில் போய்வரும் தகவலைப் பதிவு செய்து, இப்படிக் கேட்டால் இப்படிப் பதில் வருகிறது என்று ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டார். மொழி தெரியாத ஊரில் டீக்கடையில் உட்கார்ந்து, எந்த வார்த்தைக்கு எது மேஜைக்கு வருகிறது என்று கவனித்துப் பாஷை கற்பது போல. இந்த உவமை கிட்டத்தட்ட அவரே சொன்னதுதான். பிறகு தம் சொந்த எழுத்தில் ஒரு புரோகிராம் எழுதி, 1992 ஜனவரியில் இலவசமாகக் கொடுத்துவிட்டார். அதுதான் இன்று 'சாம்பா'. எஸ், எம், பி என்ற மூன்று எழுத்தும் வரிசையாக வரும் சொல் எது என்று அகராதியில் தேடி எடுத்த பெயர்! விண்டோஸ் கம்ப்யூட்டரும் லினக்ஸ் கம்ப்யூட்டரும் ஃபைல் பகிர்ந்துகொள்ள உலகம் முழுக்க அது ஓடுகிறது. பின்னாளில் ஐரோப்பாவில் வழக்கு நடந்து, 2007இல் 10,000 யூரோ கட்டணத்துக்கு மைக்ரோசாஃப்ட் தன் ஆவணங்களையே அந்தக் குழுவுக்குத் தர ஒப்புக்கொண்டது.

நம் நாட்டுச் சட்டமும் இதற்கு இடம் தருகிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 52ஆம் பிரிவு: முறையாக வாங்கிய மென்பொருள் எந்தத் தத்துவத்தில் இயங்குகிறது என்று அதை ஓட்டிப் பார்த்து ஆராயலாம். ஆனால் அடுத்தவர் கம்ப்யூட்டரில் அனுமதியின்றி, கெட்ட எண்ணத்தோடு நுழைந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி 3 வருடம் வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். பக்கத்து வீட்டு வைஃபை பாஸ்வேர்டை எடுப்பது பொழுதுபோக்கு அல்ல, பிள்ளைகளே. அது பிறர் ஹக்.

கிராக் போட்ட பில்லிங் மென்பொருள் நம் கடைகள் சிலவற்றில் பல வருடமாக ஓடுகிறது. அது ஹராமா என்று இதுவரை யாரும் நம்மிடம் வந்து கேட்டதில்லை. சொல்லத் தோன்றியது, சொல்லிவிட்டோம்.

ஆக, மேஜை போடுவது என்று குழு முடிவு செய்திருக்கிறது. இன்ஷா அல்லாஹ், ஞாயிறுதோறும் அஸருக்குப் பிறகு, மக்ரிப் பாங்கு வரை. பெண் பிள்ளைகளுக்கு சனிக்கிழமை அதே நேரம். கொண்டுவரும் பொருள் சொந்தமாக இருக்க வேண்டும், அல்லது உடையவர் எழுதித் தர வேண்டும். யாருடையது என்று தெரியாத செல்போன் உள்ளே வராது. சந்தேகமான விஷயம் வந்தால் இமாமிடம் கேட்டுக்கொள்வோம்.

பழைய டியூப் டி.வி.யையும் பவர் சப்ளையையும் தயவுசெய்து அனுப்பாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும், தொட்டால் ஆளைத் தூக்கி அடிக்கும். உப்பிய பேட்டரியும் வேண்டாம், குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். ஓடாத ரூட்டர், கீபோர்டு, பிரிண்டர் இருந்தால் அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கூட இருந்து பார்த்துக்கொள்ள, இந்தத் தொழில் தெரிந்த பெரியவர்கள் இரண்டு பேர் தேவை. பெண் பிள்ளைகளுக்கு ஒரு சகோதரியும் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள்.