ஆடவர் உடல்நிறையும் அதன் அளவும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



உடம்பு இறைவன் உறையும் ஆலயம் என்பது நம் சமயக் கொள்கை. கோயில் மதிலில் வெடிப்புக் கண்டால் திருப்பணிக்கு நிதி திரட்ட விரையும் நாம், இவ்வாலயத்தின் நிலையைச் சற்றேனும் பார்க்கின்றோமா? ஆடவருக்கு வண்டி வைத்தால், "ஆள் நல்ல செழிப்பு" என்று புகழ்வது நம்மவர் வழக்கம். அப்புகழ்ச்சியை நம்பியிருந்து, நீரிழிவும் இருதய நோயும் முற்றிய பின்னரே பலர் வைத்தியரை நாடுகின்றனர்.

நமது நிறை தக்கதோ என்றறிய உடற்றிணிவுச் சுட்டி என்றொரு கணக்கு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் பெல்ஜிய நாட்டு அறிஞர் கெட்டலே வகுத்த கணக்கு இது. இப்பெயரை 1972இல் இட்டவர் அமெரிக்க அறிஞர் அன்செல் கீஸ். உயரத்தை மீற்றரில் எடுத்து, அதனை அதனாலேயே பெருக்கி, வந்த தொகையாற் கிலோகிராம் நிறையைப் பிரித்தல் வேண்டும். 1.70 மீற்றர் உயரமுடையவர் 75 கிலோ நிறுத்தால், 75ஐ 2.89ஆற் பிரிக்க ஏறக்குறைய 26 வரும்.

உலக சுகாதார ஸ்தாபனம் பொதுவாக 18.5 முதல் 25க்கு உட்பட்டதைத் தக்க நிறை என்கின்றது. ஆயினும், ஆசிய மக்கள் பலருக்குக் குறைந்த சுட்டியிலேயே நோயபாயம் மிகுவதால், 23ஐ எட்டும்போதே விழிப்பு வேண்டுமென அதன் நிபுணர் குழு 2004இல் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது. அதன்படி, மேற்சொன்ன உயரத்தவருக்கு 54 முதல் 66 கிலோ வரை தக்கதாகும். 18.5க்குக் கீழே மெலிந்து போவதும் நன்றன்று.

இச்சுட்டிக்கு ஒரு குறையுண்டு. அது தசையையும் கொழுப்பையும் பிரித்தறியாது. உடற்பயிற்சியால் தசை திரண்டவருக்கு 26 வரலாம். மெலிந்த கைகாலும் பருத்த வயிறும் உடையவருக்கு 22 வரலாம். பின்னவருக்கே அபாயம் அதிகம். ஆகையால், அளவு நாடாவால் இடுப்பையும் அளத்தல் வேண்டும். தெற்காசிய ஆடவருக்கு 90 சதமமீற்றரே எல்லை.

மிகையுற்றோர் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. சோற்றையும் பாணையும் அளவாக்கிக் கீரை, காய்கறி, பருப்பு ஆகியவற்றைக் கூட்டுவோம். தேநீரிற் சீனியைக் குறைப்போம். வாரத்தில் 150 நிமிடமாவது விரைந்து நடப்போம். 75 கிலோ உள்ளவர் 4 கிலோ குறைத்தாலே நீரிழிவு அபாயம் தணியும்.

நம் சங்க மண்டபத்தில் ஒரு தராசும் ஓர் அளவு நாடாவும் வைப்போமாக. உழைத்துக் குடும்பம் தாங்கும் ஆண்மகன் இளவயதில் நோயிற் கிடந்தால் வாடுவது அவன் மட்டுமன்று. மனைவி மக்களும் பெற்றோருமே. அவர்கள் பொருட்டேனும் நம் நிறையை நாம் அறிந்திருப்போம்.